மிஷினுக்கு எண்ணெய்க்காப்பு

பழனியாண்டி இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினார். தொங்கினார் என்றால் நிஜமாகவே தொங்கினார். எண்பத்தாறு கிலோ உடம்பும் தையல் மிஷினின் அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல்தான் இருந்தது. மேசை ஒரு காலைத் தூக்கியது. சுவர்க் காலண்டர் ஆடியது. மூன்று வீடு தள்ளி ஒரு நாய் எழுந்து நின்று குரைத்தது. சக்கரம் மட்டும் இம்மியும் அசையவில்லை.

“அப்பா, ஒடச்சிடாதீங்கப்பா,” என்றாள் நளினி, அறை வாசலில் நின்று.

“ஒடைஞ்சாக்கூடத் தேவலயே. எங்கயோ ஒண்ணு அசையுதுன்னாவது அர்த்தம்.”

நாற்பத்தொரு வருடம் தோட்டத்து லாரிப் பட்டறையில் கிடந்த மனிதர். ஒற்றை ஸ்பேனரோடு டிராக்டருக்கு அடியில் போய் இன்ஜினைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் என்று பீடோங் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான். அப்பேர்ப்பட்டவரை, அடைகாக்கிற கோழி அளவுகூட இல்லாத ஒரு கறுப்பு மிஷின், உடம்பெல்லாம் தங்கப் பூவோடு, காலை எட்டரை மணியிலிருந்து ஜெயித்துக்கொண்டிருந்தது. இப்போது மணி பத்து.

முன்கூடத்தில் அவர் மனைவி ராக்காயி படுத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. காலையில் வேன் கொண்டுவந்து இறக்கியது. கல்யாணமாகி நாற்பது வருடத்தில், வீட்டில் இத்தனை பேர் இருக்கும்போது அவள் வாயைத் திறக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

பழனியாண்டியின் அக்கா பிச்சையம்மாள் அலமாரியைக் கவிழ்த்து, ராக்காயியின் பழைய ரவிக்கைகள் பதினான்கையும் கட்டிலில் பரப்பியிருந்தாள். ஒன்றுகூட முழங்கையைத் தாண்டி ஏறாது. சிறுநீரகம் கெட்டுப்போன உடம்பு. பதினோரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து நீர் கோர்த்து, இரண்டு ராக்காயி ஆகியிருந்தாள்.

“எதுக்குடா அத உருட்டிக்கிட்டுக் கெடக்க?” பிச்சையம்மாள் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். “பழசுல ஒண்ண எடுத்து முதுகுப் பக்கம் நேரா வெட்டிட்டு, முன்னால மாட்டிவிட்டா வேல முடிஞ்சிச்சி. மேல சீல மூடிக்கப் போவுது. எல்லாருக்கும் அப்படித்தான செய்யறோம்?”

“வெட்டக் கூடாது.”

“ஏன்டா, அவளா எந்திரிச்சிப் பாக்கப் போறா?”

“அவ பாப்பா,” என்றார் பழனியாண்டி.

ராக்காயி பார்க்கக்கூடியவள்தான். எந்த இழவு வீட்டுக்குப் போனாலும் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள்; அவள் தோள்பட்டையைப் பார்ப்பாள். தோள் தையல் நிற்கிற நிலையை வைத்தே முதுகு வெட்டியிருக்கிறதா இல்லையா என்று ஆறடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்காது. “உசுரோட இருக்கறப்ப கக்கத்துல ஒரு சுருக்கம் விழுந்தா என்னையத் தெருவுல நிக்க வச்சிக் கேக்கறாளுங்க. செத்தா மட்டும் பாதிச் சட்டையோட அனுப்பறாளுங்களே! எனக்கு அப்படிச் செஞ்சிப் பாருங்க, பெட்டிய ஒதைச்சிக்கிட்டு எந்திரிச்சி வாரேன்.” அந்தத் தாமான் குடியிருப்பில் அவளிடம் ரவிக்கை தைக்காத பெண் என்று பார்த்தால் தொட்டிலில் கிடப்பவைதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வார்டில் அதையே சிரிக்காமல் சொன்னாள். அவர் கையை இழுத்து, ஊசி குத்தி வீங்கிய தன் கையில் வைத்துக்கொண்டு, “வெட்ட விடமாட்டேன்னு சொல்லு,” என்றாள். சொன்னார்.

அவளே ஒரு ரவிக்கை வெட்டி வைத்திருந்தாள். தீபாவளிக்கு எடுத்த கத்தரிப்பூச் சேலையின் துணி. வார்டின் சாப்பாட்டு மேசையைக் கட்டிலுக்கு மேல் இழுத்துப் போட்டு, டேப்பால் தன்னைத் தானே அளந்து, வெட்டினாள். “நாப்பத்தெட்டுடி! தோட்டத்துல ஆள மேய்ச்ச பெரிய மண்டோர் பொண்டாட்டிக்கே நான் நாப்பத்தெட்டு வெட்டினதில்ல,” என்று நளினியிடம் சிரித்தாள். கடைசிப் பட்டியை வெட்டும்போதுதான் நர்ஸ் பார்த்து ஓடிவந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். “தைக்கறத வீட்ல வந்து என் மிஷின்ல வச்சிக்கறேன். டிஸ்சார்ஜ் ஆவுற அன்னைக்கு எடுத்து வைங்க,” என்று துண்டுகளைச் சுருட்டி இரவுச் சந்தையான பாசார் மாலாமில் வாங்கிய ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

பை இப்போது மிஷின் மேசைமேல் இருந்தது. இரண்டு மணிக்குப் பெட்டியை மூட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. பீடோங்கில் தையல் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஷீலாவிடம் கரண்டில் ஓடுகிற புது மிஷின் இருந்தது. அவள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, “தப்பா நெனைக்காதீங்க அண்ணே, மருமக புள்ள பெத்துப் பந்தாங் பத்தியத்துல இருக்கா. பன்னெண்டு நாள்தான் ஆவுது. சாவு வீட்டுத் துணி உள்ள வரக் கூடாது லா,” என்றாள். கையால் தைக்கலாம் என்று பிச்சையம்மாள் ஊசியை எடுத்தாள். கண்ணில் புரை. ஆறு தையல் போட்டதும் அது ரவிக்கையாகத் தெரியவில்லை. அரிசிக் கோணியின் வாயாகத் தெரிந்தது. அவளே பார்த்து, அவளே பிரித்துவிட்டாள்.

மிச்சமிருந்தவர் மணியம். சுங்கைப் பட்டாணியில் ஐம்பது வருடமாகத் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். ராக்காயியின் மிஷினை அவரைத் தவிர வேறு ஆண்பிள்ளை தொட்டதில்லை. பழனியாண்டியையே அவள் தொட விட்டதில்லை. ஆனால் மணியம் இந்த ஞாயிறு பார்த்து மெர்கோங்கில் மகள் வீட்டில் இருந்தார். வண்டி ஓட்டுவதை விட்டவர்; கொண்டுவந்து விட அங்கே ஆளும் இல்லை. நளினி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

“ராக்காயி போயிடுச்சா?” என்றார் மணியம். நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி, மிஷினுக்கு என்ன?” என்றார்.

“சக்கரம் திரும்பலண்ணே. கல்லு மாதிரி நிக்குது.”

“எத்தன நாளா ஓடல?”

“பதினோரு வாரம்.”

“பதினோரு வாரத்துல எந்த மிஷினும் சாவாது லா. நீ என்னமோ பண்ணியிருக்க. என்ன எண்ண ஊத்துன?”

பழனியாண்டி நளினியைப் பார்த்தார். நளினி அவரைப் பார்த்தாள்.

“மிஷின் எண்ணதான்.”

“எங்கிட்ட வாங்குனதா? தண்ணி மாதிரி, நெறமே இல்லாம?”

“ஆமாண்ணே.”

“அப்ப காஞ்சிபோயிருக்கும். எண்ண விடற ஓட்டை எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு சொட்டு அதையே விடு. அர மணி நேரம் ஊறட்டும். அப்பறம் மெதுவா ஆட்டு. பலம் குடுக்காத. அது லாரி இல்ல.”

அது லாரி இல்ல. நாற்பது வருடமாக ராக்காயி சொன்னதும் இதேதான்.

சனிக்கிழமைதோறும் அவள் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, கோழி இறகால் பஞ்சைத் தட்டி, நீள மூக்கு வைத்த குப்பியிலிருந்து ஓட்டைக்கு ஒரு சொட்டு விடுவாள். இரண்டாவது சொட்டு விழுந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரோடும் பேசமாட்டாள். அந்தக் குப்பி இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. பழனியாண்டி அதை எடுத்து, மணியம் சொன்னபடியே விட்டார். நாலு நாலு சொட்டாக விழுந்தது. அரை மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வேலைக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

தெரிந்தேதான் பொய் சொன்னார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ராக்காயி ஆஸ்பத்திரிக்குப் போன மறு வாரம் நவராத்திரி. வருடா வருடம் மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பூப்போடுவது அவள் வேலை. இந்த வருடம் அவர் செய்தார். முதல் நாள் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், அந்தக் குப்பியை எடுத்தார். நிறமில்லை, மணமில்லை. இதைப் போய்ச் சாமிக்கு எப்படிக் காட்டுவது? அவள் கைபட்ட மிஷின் இப்போது அவருக்குச் சாமிதான். விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெய் டின் பக்கத்திலேயே இருந்தது. ஒரு கரண்டி மொண்டு, கற்பூரம் காட்டி, தலையிலிருந்து ஊற்றினார். எண்ணெய் தங்கப் பூவின் மேல் வழிந்து ஒவ்வொரு ஓட்டையாகத் தேடிப் போய் இறங்கியது. பார்க்கவே கண் நிறைந்தது. கெடாவிலிருக்கிற எந்தக் கோயில் மூலவருக்கும் அப்படி ஒரு எண்ணெய்க்காப்பு நடந்திருக்காது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், சிறுநீரகக் கோளாறைக் காட்டுகிற கிரியேட்டினின் எண் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டிலிருந்து எண்ணூற்று எழுபதுக்கு இறங்கியிருக்கிறது என்றார்.

அது போதுமாக இருந்தது அவருக்கு. ஒன்பது நாளும் ஊற்றினார். நவராத்திரி போன பிறகு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊற்றினார். எண் ஏறினால் ஒரு கரண்டி கூட ஊற்றினார். பார்க்கப் போகிற நேரமெல்லாம் ராக்காயி கேட்டாள்: “மிஷினத் தொட்டியா?” “தொடல.” “தொடாத. லாரிக்காரன் கை.” சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

அரை மணி ஆனது. சக்கரத்தைத் தொட்டார். கல்.

பதினொன்றரைக்கு இறுதிச் சடங்குக்காரர் சிவநேசன் பெட்டியோடு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் இரண்டு போன். “அண்ணே, ரெண்டுக்குப் பெட்டி மூடினாத்தான் ஆவும். மூணு மணிக்கு எரிமேடையில நமக்கு எழுதியிருக்கு. நமக்குப் பின்னால இன்னொரு குடும்பம் நிக்குது, அவங்களும் நம்ம கஸ்டமர்தான்,” என்றார். அதே மூச்சில் பெண்களிடம் திரும்பி, “குளிப்பாட்டிடலாம் லா. எண்ண சீயக்கா வைக்கிறவங்க வரிசையா வாங்க. மொதல்ல வீட்டுக்காரர்,” என்றார்.

ராக்காயியைக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் கிடத்திச் சுற்றிலும் சேலை பிடித்திருந்தார்கள். பழனியாண்டி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பிச்சையம்மாள் கிண்ணத்தை எடுத்து எண்ணெய் டின்னைச் சாய்த்தாள். ஒன்றும் வரவில்லை. குலுக்கினாள். வெறும் தகரச் சத்தம்.

“டேய் பழனி, எண்ண எங்கடா? நவராத்திரிக்கு நான்தான ரெண்டு லிட்டர் வாங்கியாந்து வச்சேன்?”

அவர் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

“கேக்கறேன்ல? கெடா ஸ்டேட் முழுக்க நீயே வெளக்கு ஏத்துனியா?”

பழனியாண்டி ராக்காயியின் காலைப் பார்த்தார். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வீக்கத்தில் கட்டு புதைந்திருந்தது.

“மிஷினுக்கு ஊத்திட்டேன்.”

“என்னது?”

“ஒம்போது நாளும் ஊத்துனேன். அப்பறம் வெள்ளிக்கெழமல்லாம் ஊத்துனேன். நம்பர் எறங்குச்சிக்கா. நெஜமாவே எறங்குச்சி. இவ கேக்கறப்பல்லாம் தொடலன்னேன்.”

சேலையைப் பிடித்திருந்த பெண்கள் சேலையை விடாமல் நின்றார்கள். ஒப்பாரி பாதி வரியில் நின்றது. பிச்சையம்மாள் வெறும் டின்னை அவரிடம் நீட்டினாள். 

பழனியாண்டி டின்னை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். அடியில் ஒட்டியிருந்தது மெதுவாகக் கூடி, மூன்று சொட்டு விழுந்தது. அதை ராக்காயியின் உச்சியில் தேய்த்தார். வெளியே நளினி போனில் பேசிக்கொண்டிருந்தாள். “அங்கிள், மிஷின் எண்ண இல்ல அங்கிள். நல்லெண்ண.”

ஸ்பீக்கரில் இருந்த போனை அவர் வாங்கியபோது மெர்கோங்கில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எவ்வளவு?” என்றார் மணியம்.

“ரெண்டு லிட்டரு.”

“ரெண்டு லிட்டரா! ரெண்டு லிட்டர்ல நான் இந்த ஸ்டேட்ல இருக்கற அத்தன மிஷினையும் இருவது வருஷம் ஓட்டுவேன்யா!” கத்திவிட்டு, குரலைத் தணித்தார். “சமைக்கிற எண்ண எதுவா இருந்தாலும் காஞ்சா கோந்து. உள்ள வார்னிஷ் அடிச்ச மாதிரி புடிச்சிக்கும். அதுமேல நல்ல எண்ணய விட்டா வழுக்கிட்டு ஓடுமே தவிர கரைக்காது. முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு மணி நேரம் கெடச்சிருக்கும்ல? மண்ணெண்ண இருக்கா?”

“இருக்கு.” சாமான் கழுவுகிற மண்ணெண்ணெய் இல்லாமல் ஒரு லாரிப் பட்டறைக்காரன் வீடு இருக்குமா?

“முடி காய வைக்கிற மிஷின்?”

“எங்கிட்ட இருக்கு அங்கிள்,” என்றாள் நளினி.

“தலைய மட்டும் கழட்டி வெளிய கொண்டு போங்க. சாவு வீட்ல வெளக்கும் கற்பூரமுமா இருக்கும், தீ பக்கத்துல மண்ணெண்ண வேணாம். மொதல்ல சூடு காட்டு. இரும்பு கையில சுடணும். சூட்ட நிறுத்திட்டு மண்ணெண்ண விடு. முன்னால ஒரு நூல், பின்னால ஒரு நூல் ஆட்டு. திரும்பவும் தொடச்சிட்டுச் சூடு.”

“ஒரு மணி நேரத்துல கரையுமாண்ணே?”

“ஒரு ராத்திரி ஊறணும்.” மணியம் இருமினார். “பாரு. பலம் மட்டும் குடுக்காத.”

இரண்டு திருகாணிதான். தலை கையோடு வந்தது. கொல்லைச் சிமெண்டுத் தரையில், பன்னிரண்டு மணி வெயிலில், பழனியாண்டி சம்மணம் போட்டு மிஷினை மடியில் கிடத்திக்கொண்டார். ஜன்னல் வழியே இழுத்த ஒயரில் நளினி சூட்டுக் காற்றை அடித்தாள். கை பொறுக்காத சூடு ஏறியதும் ஒயரைப் பிடுங்கினாள். அவர் குப்பி மூக்கால் ஓட்டை ஓட்டையாக மண்ணெண்ணெய் விட்டார். ஆட்டினார். கல். துடைத்தார். திரும்பச் சூடு. திரும்ப மண்ணெண்ணெய். கல்.

வெயில் தலையில் இறங்கியது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். ஈரத்தைத் துடைத்து, மஞ்சள் பூசி, இனி உடுத்துவதற்காகக் காத்திருக்கிறார்கள். பிச்சையம்மாள் கதவைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கையில் கத்தரிக்கோல். ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

“வா,” என்றார் பழனியாண்டி மிஷினைப் பார்த்து. “வா, தாயி. ஒரு தடவ. அவளுக்காவ வா.”

ஐந்தாவது சூட்டில் ஊசிக் கம்பிக்குப் பக்கத்திலிருந்து காப்பி நிறத்தில் ஒரு சொட்டு இறங்கியது. பாகு மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. எள் வாசம் குப்பென்று வந்தது. அவர் சக்கரத்தை விரல் நுனியால் தொட்டார். ஒரு நூல் அசைந்தது. அடுத்த பக்கம் இரண்டு நூல்.

“அப்பா!”

“பேசாத.”

அரைச் சுற்று. முக்கால் சுற்று. கரகரவென்று, அரிசியில் கல் கடிபடுகிற மாதிரி, முழுச் சுற்று ஒன்று சுற்றியது. உள்ளேயிருந்து பழுப்பும் பஞ்சுமாக வழிந்ததையெல்லாம் வேட்டி நுனியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. ஒன்பது நாளும் அத்தனை வெள்ளிக்கிழமையும் வந்தது. கடைசியில் ராக்காயியின் குப்பியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓட்டைக்கு ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு.

தலையை மேசையில் பொருத்தும்போது மணி ஒன்று ஐந்து.

புதுத் துணியை உடனே வைக்க முடியாது. வழிகிற எண்ணெய் முழுக்கத் துணியில் இறங்கும். கட்டிலில் கிடந்த பழைய ரவிக்கைகளை நளினி ஒவ்வொன்றாக ஊசிக்கு அடியில் ஓட்டினாள். முதலாவதில் பழுப்புக் கோடு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் திட்டுத் திட்டாக எண்ணெய். எட்டாவது ரவிக்கையில் தையல் வெள்ளையாக வந்தது.

நளினி பையைப் பிரித்தாள். ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸில் எழுதியிருந்தது: முன், பின், வலது கை, இடது கை. நளினி கையுறை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவள். பதினாறு வயசில் இதே முக்காலியில் உட்கார்ந்து, அம்மாவோடு சண்டை போட்டு எழுந்தவள், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் உட்கார்ந்தாள். பக்கத் தையலுக்கு இரண்டு துண்டையும் சேர்த்தவள் நிறுத்தினாள்.

“அப்பா, இங்க ரெண்டு கோடு இருக்கு.”

பழனியாண்டி குனிந்து பார்த்தார். வெளிக்கோட்டுக்குப் பக்கத்தில் 48 என்று எழுதியிருந்தது. அதற்கு உள்ளே, நன்றாகத் தள்ளி, இன்னொரு கோடு. அதன்மேல் 38. அது பழைய ராக்காயியின் அளவு. வீக்கம் வடிந்த பிறகு பிடித்துத் தைப்பதற்காக இப்போதே போட்டு வைத்த கோடு. கை நடுங்காமல், நேராகப் போட்டிருந்தாள்.

“எதுல தைக்கறது?”

வெளியே சிவநேசன், “அண்ணே, மணி ஆவுது லா,” என்றார்.

“வெளிக்கோட்டுல,” என்றார் பழனியாண்டி.

மிஷின் முழுதாக இளகவில்லை. நளினியின் கால் மிதித்தால் மட்டும் போதவில்லை; எட்டுத் தையலுக்கு ஒருமுறை மூச்சு வாங்கி நின்றது. பழனியாண்டி பக்கத்தில் மண்டிபோட்டு, ஒரு கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொடுத்தார். இன்னொரு கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், துணியில் பட்டுவிடக் கூடாதென்று. தோள் இரண்டும் சேர்ந்தன. பக்கம் இரண்டும் சேர்ந்தன. வலது கை ஏறியது. பிச்சையம்மாள் கூடத்துக்கும் அறைக்கும் நடந்த நடையில் சுங்கைப் பட்டாணிக்கே போய்த் திரும்பியிருக்கலாம்.

“அக்குள்ள இழுக்குது பாருடி. விட்டுப் புடி.”

“தெரியும் அத்த.”

“என்ன தெரியும்? ஒங்கம்மாவும் இப்படித்தான், தெரியும் தெரியும்னு சொல்லி எனக்கு இறுக்கித் தச்சா.”

ஒன்று ஐம்பத்தைந்துக்குச் சிவநேசன் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். இடது கைத் துண்டு மடித்தபடி மேசையில் இருந்தது. நளினி அப்பாவைப் பார்த்தாள்.

“அது சீல மூடற பக்கம்தான?” என்றாள் பிச்சையம்மாள், மெதுவாக. “குடுங்க. போதும்.”

“வெட்டல,” என்றார் பழனியாண்டி. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. “தைக்கலதான். வெட்டல.”

“வெட்டலடா தம்பி. வெட்டவே இல்ல.” அவள் ரவிக்கையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனாள். போகிற வழியில் கத்தரிக்கோலை அரிசி டிரம்முக்கு மேல் வைத்தாள்.

உடுத்திய பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். கத்தரிப்பூச் சேலையில், மாலையோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ராக்காயி பெட்டிக்குள் இருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வலது தோளைப் பார்த்தார். தையல் கழுத்தோரத்திலிருந்து கை வரைக்கும் சுருக்கமில்லாமல் படிந்து கிடந்தது. பிச்சையம்மாள் அதை ஒரு விரலால் தடவி, “பாவி, ஒனக்கு மட்டும் நல்லாத்தான் வெட்டிக்கிட்ட,” என்றாள். அதற்கு மேல் அவளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு எல்லாம் ஓட்டமாகப் போனது. பழனியாண்டியை வாசலில் உட்கார வைத்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்கள். வேறு வேட்டி கட்டிவிட்டார்கள். வாய்க்கரிசி போடச் சொன்னார்கள், போட்டார். வண்டியில் ஏறச் சொன்னார்கள், ஏறினார். செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது சிவநேசன் கண்ணாடியை இறக்கி, வெளியே மோந்து பார்த்து, மறுபடி ஏற்றினார்.

எரிமேடையில் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. அடுத்த குடும்பம் வேப்பமரத்து நிழலில் காத்திருந்தது. பெட்டியை உலைக்குள் போகிற தண்டவாளத்தின்மேல் வைத்தாயிற்று. மகன் இல்லாத வீடு. அவர்தான் கொள்ளி வைக்க வேண்டும். சிவநேசன் சந்தனக் கட்டைமேல் கற்பூரத்தை அடுக்கி, தீப்பெட்டியை எடுத்து நீட்டியவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“அண்ணே, என்ன வாசம் இது?”

“மண்ணெண்ண.”

“ஐயோ, வண்டியில வர்றப்பவே நெனச்சேன். இந்தக் கையோடயா கற்பூரம் ஏத்தப் போறீங்க? கையெல்லாம் புடிச்சிக்கும் லா! அங்க கொழாய் இருக்கு, சவுக்காரம் இருக்கு. நல்லாத் தேச்சிக் கழுவிட்டு வாங்க.”

குழாய் சுவரோரமாக இருந்தது. பச்சைச் சவுக்காரம் பாதி தேய்ந்து கிடந்தது. பழனியாண்டி குழாயைத் திறந்தார். விரல் விரலாகத் தேய்த்தார். நகத்துக்கு அடியில் பழுப்பு இருந்தது. ஒவ்வொரு நகமாகச் சுரண்டிக் கழுவினார். முழங்கை வரைக்கும் தேய்த்தார். மோந்து பார்த்தார். மறுபடி சவுக்காரத்தை எடுத்தார்.

நளினி துண்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். வேப்பமரத்தடியில் யாரோ மணி பார்த்தார்கள்.

“போதும்பா. வாங்க.”

“இன்னும் இருக்கு.”

அவள் அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். சவுக்கார வாசம் மட்டும்தான் இருந்தது. இடது கையையும் பார்த்தாள்.

“போயிடுச்சிப்பா.”

“இல்ல,” என்றார் பழனியாண்டி. “நீ சரியா மோக்கல. இருக்கு.”

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.